வேலஞ்சுனைக்குப் பதினான்கு கிலோமீட்டர்

எனக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் அவர் வருகிறார். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மிதிப்பதை நிறுத்தும்போதெல்லாம் அவருடைய விலையுயர்ந்த சைக்கிள் சில்வண்டைப் போலக் கத்துகிறது, ஐந்து நாளாக அந்தச் சத்தம் என் முதுகின் மேல்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறது. எதிர்காற்று. இந்தப் பக்கத்துக் கரிசல் வெளியில் ஆடி மாதக் காற்றைத் தடுக்க வேலிக்கருவையைத் தவிர வேறொன்றும் இல்லை, அதனால் திருஞானம் என்னைத் தடுப்பாக்கிக்கொண்டிருக்கிறார். அறுபத்தொரு வயதுப் பெண்ணின் முதுகு கிழித்துக்கொடுக்கும் காற்றில் அவர் பாதி உழைப்போடு வருகிறார். வரிசையின் அமைப்பு அப்படி. முதலில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சையது பாய், அவருக்கு வழி தெரியும். மெதுவாகப் போகிறவர் இரண்டாவதாக வந்தால்தான் வரிசை அறுந்துபோகாது என்று அவர் சொன்னதால் நான். மூன்றாவதாக, பயணத்தின் தலைவரான திருஞானம். நான்காவதாக ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் வெள்ளைச்சாமி. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர். எட்டு நாள், இருபது சிற்றூர்கள், ஒவ்வோர் ஊரிலும் மண்ணையும் நீரையும் பற்றிச் சிறிய கூட்டம், எல்லாருக்கும் பச்சைச் சட்டை, சட்டையின் முதுகில் ‘நாளைக்கும் வேண்டும்’ என்ற வாசகம். புறப்பட்ட முதல் நாள் காலையில் சையது பாய் எங்களுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தார். வரிசையில் போகும்போது பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். ஆகவே முன்னால் இருப்பவர் குழியைக் கண்டதும் அந்தப் பக்கத்துக் கையைக் கீழே நீட்டிக் ‘குழி’ என்று கத்த வேண்டும். அவருக்குப் பின்னால் வருகிறவர் அதையே செய்ய வேண்டும். அவருக்குப் பின்னவரும் அதையே. “கை கடைசி ஆள் வரைக்கும் போகணும், டீச்சரம்மா. நடுவுல ஒருத்தர் விட்டாலும் விழுறது அவருல்ல, அவருக்குப் பின்னாடி வர்றவரு” என்றார். அவர் அதைச் சொன்னபோது நான் திருஞானத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவளுக்கு, கேட்காமலே தலையசைக்கும் முகத்தை அடையாளம் தெரியும்.

என்னை அவருக்கு நினைவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் எழுதியிருந்தேன்: பா. மங்கையர்க்கரசி, முதுகலை ஆசிரியர், வேதியியல், ஓய்வு. ஒளிந்துகொண்டு வரும் பழக்கம் எனக்கில்லை. அவர் வாசித்துவிட்டு, “அழகான பேருங்க, இப்பல்லாம் இப்படி யாரு வைக்கிறாங்க” என்று சொல்லி, தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்களின் பட்டியலில் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயர் கீழே இருந்த ஒரு கடிதத்தை அவர் கையெழுத்திட்டு வாங்கினார். வாங்கியதற்கான ஒப்புகை அட்டை இப்போது என் கைப்பிடியில் தொங்கும் பைக்குள், மழைக்கோட்டின் மடிப்பில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. மார்ச் மாதம் ஆறாம் தேதி. கையெழுத்தில் ‘தி’யின் சுழி பெரிதாக இருக்கும், அதற்கு அடியில் இரண்டு கோடு. வேலஞ்சுனையிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, ஊரில் புதிதாகக் கட்டிய குடிநீர்த் தொட்டியிலிருந்து ஒரு புட்டி தண்ணீர் கொண்டுவந்தாள், சோதித்துப் பார்க்கலாமா மிஸ் என்று கேட்டாள். சோதனை மருந்து தடவிய தாள் உள்ள சிறு புட்டியில் அதை ஊற்றி ஆய்வகத்தின் அலமாரியில் வைத்தோம். சாக்கடை கலந்த தண்ணீராக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். மறுநாள் காலையிலேயே கறுத்திருந்தது, மை ஊற்றியதுபோல. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் கறுத்தது. தொட்டியைக் கட்டியது திருஞானத்தின் அறக்கட்டளை. ‘குறைகளைச் செயலாளருக்குத் தெரிவிக்கவும்’ என்று தொட்டியின் சுவரிலேயே எழுதியிருந்தது. செயலாளரும் அவரே. தெரிவித்தேன். அட்டவணை போட்டு, நாள் குறித்து, தொட்டியை உடனே மூட வேண்டும் என்று அடிக்கோடிட்டு, பதிவுத் தபாலில். இடப் பக்கம் ஒரு குழி. சையது பாயின் கை இறங்குகிறது, என் கை இறங்குகிறது, குழி என்கிறேன், பின்னால் திருஞானம் ‘ம்’ என்கிறார், அவ்வளவுதான். நான்காவதாக வருகிற வெள்ளைச்சாமி தன் கண்ணாலேயே பார்த்து விலகிக்கொள்கிறார். பேருந்தின் படிக்கட்டில் வாழ்ந்தவருக்குச் சாலையை மணத்தாலேயே தெரியும் போலிருக்கிறது. ஐந்து நாளாகத் திருஞானம் ஒரு குழியையும் பின்னால் அனுப்பவில்லை. ஐந்து நாளாக நான் அதை எண்ணிக்கொண்டு வருகிறேன்.

ஆறாவது கிலோமீட்டரில் ஒரு செம்மறிக் கூட்டம் சாலையைக் கடக்கிறது, காலை ஊன்றி நிற்கிறோம். மூச்சு வாங்குவது காதில் கேட்கிறது, அதை மற்றவர்கள் கேட்கக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொள்கிறேன். திருஞானம் தன் பாட்டிலைத் திறந்து குடிக்கிறார். தொண்டை மேலும் கீழும் அசைகிறது. “டீச்சர், வேலஞ்சுனையில நீங்க அஞ்சு நிமிஷம் பேசினாப் போதும்” என்கிறார். “அது நம்ம முன்மாதிரிக் கிராமம். பாசிட்டிவாப் பேசுங்க. போனதும் ஊர்க்காரங்க தொட்டித் தண்ணியை டம்ளர்ல கொண்டுவந்து குடுப்பாங்க, திறப்பு விழாவிலேர்ந்து அது ஒரு வழக்கம். முதல் டம்ளரை நீங்க வாங்கிக் குடிச்சுக் காட்டுங்க. பெண்மணி, அதுவும் ஆசிரியை. போட்டோ நல்லா வரும்.” நீங்கள் குடிப்பதில்லையா என்று கேட்கிறேன். “எனக்கு எங்க போனாலும் இதுதான், வயிறு ஒத்துக்காது” என்று பாட்டிலை ஆட்டிக் காட்டுகிறார். ஆடுகளை எண்ணுகிறேன். பத்துக்குமேல் எண்ண முடியவில்லை, அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலைகின்றன. வெள்ளைச்சாமியிடம், “நீங்கள் ரொம்ப ஒட்டி வருகிறீர்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு வாருங்கள்” என்கிறேன். “நல்லாயிருக்கே டீச்சர். இருபத்தெட்டு வருசமா உள்ள போ உள்ள போன்னு ஊரையே நெருக்கி நிக்க வச்சவன் நான். என்னைப் போய்த் தள்ளி வரச் சொல்றீங்க” என்று சிரிக்கிறார். “ஒட்டி வந்தாத்தான் சார் பேசுறது காதுல விழுது. காசு கேக்காம கருத்து சொல்றவரு உலகத்துல இவர் ஒருத்தருதான்.” திருஞானமும் சிரிக்கிறார். நான் மறுபடி சொல்கிறேன், வகுப்பறைக் குரலில்: “விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தள்ளி வாருங்கள்.” வெள்ளைச்சாமி சைக்கிளை ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். “சரிங்க டீச்சர்” என்கிறார். ஏன் இவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று சையது பாய்கூடத் திரும்பிப் பார்க்கிறார். ஏனென்றால் பதினோராவது கிலோமீட்டரில் ஓடைப் பாலம் இருக்கிறது. வளைவு முடியும் இடத்தில், வேலிக்கருவை நிழலுக்குள், பாலத்தின் உதட்டில் ஒரு குழி. அந்த இடத்தில் நான் கை காட்டப்போவதில்லை.

இதை நான் இன்று காலையில்தான் முடிவு செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வதில் பயனில்லை. வழித்தடத்தின் படத்தைப் பார்த்த அன்றே முடிவாகிவிட்டது. ஒன்பது ஆண்டாக யாரும் மூடாத அந்தக் குழியை நான் அறிவேன். ஏப்ரல் மாதம் இருபத்திரண்டாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு தம்பி வீட்டிலிருந்து இதே சாலை வழியாக மருத்துவமனைக்கு விரைந்த ஒரு வேனின் பின்னிருக்கையில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள் என் தம்பி மகள் பொற்கொடி. கண்ணின் வெள்ளை முழுதும் மஞ்சள், எட்டாம் மாதத்து வயிறு. வேலஞ்சுனை மருமகள். ஓட்டுநர் வேகமாகப் போனார், வேகமாகப் போகத்தான் வேண்டும், ஓடைப் பாலத்தில் வேன் ஒரு முறை எழும்பி விழுந்தது, அவளுடைய தலை என் தொடை எலும்பில் மோதியது, “அத்தை, மெதுவாப் போகச் சொல்லுங்க” என்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. மருத்துவர், கெட்ட தண்ணீரில் வரும் காமாலை, கர்ப்பிணிகளை மட்டும் இப்படிக் கொண்டுபோய்விடும் என்றார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீட்டில்தானே இருந்தாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு விருது கொடுக்கிற விழா, வரும் பெரியவர்களுக்கு ஆரத்தி எடுக்க வேண்டும் என்று மாமியார் வீட்டில் மார்ச் பன்னிரண்டாம் தேதி அழைத்துப் போயிருக்கிறார்கள், பதினொரு நாள் இருந்திருக்கிறாள். பதினைந்தாம் தேதி விழா. நிறைசூலி கையால் முதல் டம்ளர் என்றால் பார்க்க நன்றாயிருக்கும் என்று யோசனை சொன்னது திருஞானம். சிறப்பு விருந்தினர் டம்ளரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பக்கத்தில் அவருடைய பாட்டில் இருந்தது. தண்ணீரைக் கீழே ஊற்றக் கூடாதல்லவா, பொற்கொடியே குடித்தாள், எல்லாரும் கை தட்டினார்கள். புகைப்படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்று திருஞானமும் கை தட்டுகிறார். மார்ச் பதினைந்து. அட்டையில் மார்ச் ஆறு. ஒன்பது நாளாக அவர் மேசையில் என் அடிக்கோடு இருந்தது. வலப் பக்கம் குழி, சிறியது. என் கை இறங்குகிறது, குழி என்கிறேன், பின்னால் ‘ம்’. அவள் போன நாற்பதாம் நாள் நான் இரண்டாவது கடிதம் எழுதினேன், ஒரு வரியில் பதில் வந்தது: தாங்கள் குறிப்பிடும் அறிக்கை எமக்குக் கிடைக்கப்பெறவில்லை.

அப்படியானால் அட்டையை ஏன் காட்டவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மூளை வழக்கம்போல இடறுகிறது, மிதியும் இடறுகிறது, மூட்டில் ஊசி குத்துகிறது. அட்டையைக் காட்டினால் என் தம்பி தேதியைப் பார்ப்பான். பார்த்துவிட்டுத் திருஞானத்தைக் கேட்கமாட்டான், என்னைக் கேட்பான். அக்கா, மார்ச் மூணாம் தேதியே உனக்குத் தெரியுமா. தெரியும். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர்த் தண்ணீர் என்று தெரியுமா. தெரியும். ஒரு போன் பண்ண உனக்கு முடியலையா. முறையாக உரியவருக்குத் தெரிவித்துவிட்டேன், ஒப்புகை வந்துவிட்டது, இனி அவர் ஊருக்குச் சொல்வார், அதுதான் ஒழுங்கு என்று இருந்துவிட்டேன். அரைகுறையாகச் சோதித்துவிட்டு ஊரைக் கலக்குகிறாள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த ஒருவருக்குக் கை காட்டினேன். ஒருவருக்கு மட்டும். தம்பியோ ஒன்பது ஆண்டுகளாகப் பொற்கொடியின் மாமியார் வேலம்மாளைச் சபித்துக்கொண்டிருக்கிறான், பிள்ளைத்தாச்சியை வரவழைத்துக் கொன்றாள் என்று. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவேதான் எனக்கு அந்தக் குழி பிடித்திருக்கிறது. அது தேதி கேட்காது. முன்சக்கரம் இறங்கும், இந்த வகைச் சைக்கிளின் சக்கரம் மெல்லியது, கைப்பிடி திருகும், முதலில் தோள்பட்டை தரையைத் தொடும், காறையெலும்பு முறியும், பிறகு தாடை, பிறகு பல். சொல்லுக்கு வேலை இருக்காது. ஒன்பதாவது கிலோமீட்டர் கல். காற்று திசை மாறாமல் நெற்றியில் அறைகிறது. அவர் பின்னால் காதில் மாட்டிய போனில் யாரிடமோ பேசிக்கொண்டு வருகிறார், மேடை நிழலில் இருக்கட்டும், பேனர் தொட்டியை மறைக்கக் கூடாது. நல்லது. பேசுகிறவருக்குக் கண் மங்கும். வெள்ளைச்சாமி தள்ளி வருகிறாரா, தெரியவில்லை, திரும்பினால் நிலை தவறும். சரிங்க டீச்சர் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் சொன்னபடி செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பத்தாவது கல். கையை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான், செய்ய வேண்டியது எதுவுமே இல்லை, செய்யாமல் இருப்பதுதான் வேலை. அவரும் அன்று எதுவும் செய்யவில்லை, ஓர் உறையை மேசை இழுப்பறைக்குள் வைத்தார், அவ்வளவுதான். விரல்களைக் கைப்பிடியில் இறுக்குகிறேன், கட்டைவிரல் வெளுக்கிறது. வளைவு. வேலிக்கருவை இருபுறமும் நெருங்கி வருகிறது, வெயில் துண்டு துண்டாகச் சாலையில் கிடக்கிறது, பாலத்தின் வெள்ளைக் கட்டை தெரிகிறது, சையது பாயின் முதுகில் ‘நாளைக்கும் வேண்டும்’ வியர்வையில் ஒட்டிக்கொண்டு நெளிகிறது. அவருடைய இடக்கை இறங்குகிறது. “குழி, பெருசு!” அத்தை மெதுவாப் போகச் சொல்லுங்க. இடக்கை. என் இடக்கையைக் காணவில்லை. கைப்பிடியில் இல்லை. அது கீழே நீண்டிருக்கிறது, ஐந்து விரலும் விரிந்து தரையைக் காட்டுகிறது, “குழி, பெரிய குழி” என்று யாரோ கத்துகிறார்கள், என் குரல். நான் சொல்லவில்லை. ஐந்து நாளில் நூறு குழிக்கு இறங்கிய கை நூற்றோராவதற்கும் என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டது. என் சக்கரம் குழியின் ஓரத்தில் நழுவிக் கடக்கிறது, பின்னால் அந்தச் சில்வண்டுச் சத்தம் ஒருமுறை வெட்டி விலகி அதுவும் கடக்கிறது, வாழ்நாளில் இப்படி ஒரு சினம் எனக்கு என் உடம்பின் மேல் வந்ததில்லை, அந்தக் கையைப் பல்லால் கடிக்கலாம் போலிருக்கிறது, அப்போது மூன்றாவதாக ஒரு சத்தம். இரும்பும் எலும்பும் சேர்ந்த சத்தம். ‘குழி’ என்று யாரும் கத்தாத இடத்தில், வெள்ளைச்சாமி.

சைக்கிள் அவர்மேல் கிடக்கிறது. மணிக்கட்டு தவறான திசையில் திரும்பியிருக்கிறது. நாங்கள் ஓடுகிறோம், சையது பாய் சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் வைக்கிறார். “தள்ளித்தான் வந்தேன் டீச்சர், சத்தியமா” என்கிறார் வெள்ளைச்சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு. “கையே வரலை, குரலும் எட்டலை. இந்த மரத்து நிழல்ல ஒண்ணும் தெரியலை. கை வரலை எனக்கு.” சையது பாய் நிமிர்ந்து, “நான் காட்டினேனே” என்கிறார். திருஞானம் காதிலிருந்த போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். அவருடைய முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை, வருத்தம்கூட அளவாக இருக்கிறது. “டீச்சர் காட்டலை பாய்” என்கிறார். “எனக்கும் வரலை. கடைசி நொடியில நானே பார்த்துத் தப்பிச்சேன். பரவாயில்லை, வயசு, களைப்பு, யாரும் டீச்சரைத் தப்பா நினைக்காதீங்க.” எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். மறுக்க வாய் வரவில்லை. ஏனென்றால் பதினோரு கிலோமீட்டர் நெடுக நான் அதைத்தான் செய்துகொண்டு வந்தேன். செய்யாததைச் செய்தேன் என்று அவர் சொல்லும்போது என் முகம் செய்தவளின் முகமாகவே இருந்திருக்கும், சையது பாய் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். பிறகு, மெதுவாக, அந்த வாக்கியம் எனக்குக் கேட்கிறது. எனக்கு வரலை. கிடைக்கப்பெறவில்லை. அதே அளவு, அதே அமைதி. அவர் பொய் சொல்வதுகூட இல்லை. தனக்கு வந்தது எதுவும் தனக்கு வந்ததாக அவருக்குத் தெரிவதே இல்லை. நான் குழியைப் பார்க்கிறேன். அது வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அதற்குள் அவர் விழுந்திருந்தாலும் எழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, எனக்கு வரலை என்றுதான் சொல்லியிருப்பார், எல்லாரும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பார்கள். இவ்வளவு மலிவாகவா முடித்துக்கொள்ள இருந்தேன்.

வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த துப்பட்டாவைக் கிழிக்காமல் நீளமாக மடித்து வெள்ளைச்சாமியின் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டுகிறேன், மணிக்கட்டின் அடியில் அசையாமல் தாங்கும் பட்டையாக என் காற்றடிக்கும் பம்பு. “ஆறு வாரம் டிக்கெட் கிழிக்க முடியாது” என்கிறேன். “ரிட்டயர் ஆனவனுக்கு லீவு குடுக்கிறீங்க” என்று வலியோடு சிரிக்கிறார். பின்னால் வரும் சாமான் வேனில் அவரை ஏற்றியதும் நான் சையது பாயிடம் சொல்கிறேன்: “எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று சார் சொல்கிறார். அவர் எனக்கு முன்னால் போகட்டும். நான் மூன்றாவதாக வருகிறேன்.” திருஞானம் தாராளமாகத் தலையசைக்கிறார். எஞ்சிய மூன்று கிலோமீட்டருக்கு அவருடைய முதுகு என் முன்னால் இருக்கிறது. காற்று என் மேல் படவில்லை. இவ்வளவு சுகமா இது. இப்போது மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக இல்லாத குழிக்கெல்லாம் கை காட்டுகிறார், ஒவ்வொன்றையும் நான் வாங்கி எனக்குப் பின்னால் அனுப்புகிறேன், ஒன்றுகூடத் தவறவிடாமல். மூளையில் இடறல் இல்லை. தம்பி என்னைக் கேட்பான், கேட்கட்டும். பதில் இருக்கிறது, மோசமான பதில், அது என்னுடையது. கருவை குறைந்து வேம்பு வருகிறது, பள்ளிக்கூடத்துச் சுவர், நீலம் அடித்த தொட்டி, பேனர் தொட்டியை மறைக்காமல் கட்டப்பட்டிருக்கிறது. தாம்பாளத்தில் ஒரே ஒரு பித்தளை டம்ளரோடு முன்னால் நிற்பவள் வேலம்மாள். தலை முழுதும் நரைத்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளாக இவள்தான் இதை ஏந்துகிறாளா. என்னைக் கண்டதும் “மதினி” என்கிறாள், தாம்பாளத்தை என் பக்கம் நீட்டுகிறாள். “டீச்சர், வாங்குங்க” என்று திருஞானம் போட்டோ எடுப்பவருக்கு இடம் விடுகிறார். நான் டம்ளரை எடுக்கிறேன். குளிர்ந்திருக்கிறது. எடுத்து, வரிசையில் எனக்கு முன்னால் வந்தவரிடம் நீட்டுகிறேன். “நீங்கள் கட்டிய தொட்டி. முதலில் நீங்கள்தான் குடிக்க வேண்டும்.” சிரிக்கிறார். கை வரவில்லை. கூட்டம் காத்திருக்கிறது, குழந்தைகள்கூட அவருடைய கையையே பார்க்கிறார்கள், அந்தக் கை மெல்ல, தன்னை அறியாமல், இடுப்பிலிருந்த தன் பாட்டிலைத் தொடுகிறது; அந்தக் கையும் அவரைக் கேட்கவில்லை. தொட்டதை வேலம்மாள் பார்த்தாள். நான் டம்ளரைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தேன். “குடிக்காதே, வேலம்மா. யாரும் இன்று குடிக்க வேண்டாம், சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். பிறகு பையைத் திறந்து உறையிலிருந்து அட்டையை எடுத்தேன், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன், முதலில் என் பெயரை வாசித்தேன், அதன்பின் அவருடையதை, அதன்பின் தேதியை, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்கும்படி.